பலிபீடமும் பலியும்: லேவியராகமம் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆதியாகமம், யாத்திராகமம் வரை உற்சாகமாகப் படித்து வருகிறவர்கள் வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள். ரத்தம், கொழுப்பு, குடல், சாம்பல் என்று பக்கம் பக்கமாக வருகிறது. வேதபாட வகுப்பிலும், வகுப்பு கலைந்து வாசலில் செருப்பு மாட்டும்போதும், அப்புறம் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் கேட்டவையும் இதில் உண்டு. பெயர்களும் பலிகளின் பெயர்களும் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. எண் கொடுத்திருக்கிறேன், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பலிபீடம்னா ஆடு மாடு வெட்டுற மேடைதானே?

இல்லை. இது ஒன்று தெளிந்தால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தெளியும். லேவியராகமச் சட்டப்படி மிருகத்தைப் பீடத்தின்மேல் வெட்டுவதில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் தரையில் வெட்டுகிறார்கள். சர்வாங்க தகனபலிக்கான (முழுவதும் எரிக்கப்படும் பலிக்கான) ஆடு என்றால் பீடத்தின் வடபுறத்தில் என்று இடமே குறித்திருக்கிறது (1:11). பீடத்தைத் தொடுபவை ரத்தம், கொழுப்பு, இறைச்சித் துண்டங்கள், மாவு, உப்பு, நெருப்பு. பறவை மட்டும் விதிவிலக்கு. அதன் தலையை ஆசாரியர், அதாவது பலி செலுத்தும் குரு, பீடத்தண்டையில் கிள்ளுவார்.

மனிதனின் உடைமை கடவுளின் உடைமையாகக் கைமாறும் இடம் பீடம். அங்கே வைத்தது வீட்டுக்குத் திரும்பாது, புகையாக மேலே போகும். அதனால்தான் வெட்டும் கத்தியைப் பற்றி லேவியராகமம் ஒன்றுமே பேசாமல், பீடத்தின் நெருப்பு இரவும் பகலும் அணையக் கூடாது என்றும் (6:13), சாம்பலை எந்த உடுப்பு போட்டுக்கொண்டு அள்ள வேண்டும் என்றும் விலாவாரியாகச் சொல்கிறது.

2. முதல் பலிபீடம் காயீனும் ஆபேலும் கட்டினதா?

ஆதியாகமம் 4இல் இருவரும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். பீடம் என்ற பேச்சே அங்கே இல்லை. ஞாயிறு பள்ளிப் படங்களில் பார்த்துப் பழகியதால் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பீடம் கட்டியதாக முதலில் சொல்லப்படுபவர் நோவா, வெள்ளம் வடிந்த பிறகு (8:20).

ஆபிரகாம் சீகேமிலும் பெத்தேலுக்குப் பக்கத்திலும் எப்ரோனிலும் கட்டுகிறார், ஈசாக்கு பெயெர்செபாவில் கட்டுகிறார். அந்த வசனங்களை மெதுவாகப் படியுங்கள். பீடம் கட்டியது இருக்கிறது, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொண்டது இருக்கிறது, ஒரு ஆடு கூட வெட்டியதாக இல்லை. கூடாரம் பெயர்த்துப் பெயர்த்து அலைந்த குடும்பங்கள், கடவுள் தங்களுக்குத் தென்பட்ட இடத்தைக் கல் அடுக்கி அடையாளம் வைத்தன. கட்டியவர் குடும்பத் தலைவரே. ஆசாரியர் என்ற வர்க்கம் பிற்பாடுதான் வருகிறது.

3. கல்லைச் செதுக்கக் கூடாது, படிக்கட்டு வைக்கக் கூடாதுன்னு ஏன் அவ்வளவு கண்டிப்பு?

யாத்திராகமம் 20:24-26 சொல்வது இதுதான்: பீடம் மண்ணால் இருக்கட்டும், கல்லானால் வெட்டாத கல்லாக இருக்கட்டும், உளி பட்டால் தீட்டு. படிக்கட்டுக்கான காரணம் அங்கேயே இருக்கிறது, ஏறும்போது நிர்வாணம் தெரியக் கூடாது. ஆசாரியருக்கு உள்ளுடை போடச் சொல்லும் கட்டளையும் (28:42) இதே கவலைதான். உளிக்கு மட்டும் காரணம் சொல்லப்படவில்லை. மனித ஆயுளைக் கூட்டப் படைக்கப்பட்ட பீடத்தின்மேல், அதைக் குறைக்கிற இரும்பை ஓங்கலாகாது என்று பிற்கால யூத ஆசிரியர்கள் விளக்கம் சொன்னார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் அது. ஆனாலும் சுற்றுப்புற நாட்டார் கல்லில் தெய்வ உருவங்களைச் செதுக்கியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மண்ணைத் தோண்டினால் கதை இன்னும் சுவை. தெற்கு யூதாவில் ஆராத் கோட்டைக்குள் 1960களில் யோகனான் அகரோனி ஒரு சிறு ஆலயத்தையே கண்டெடுத்தார். அதன் பீடம் மண்ணும் செதுக்காத கல்லும்தான், சட்டம் சொன்னபடி. அதே அகரோனி 1973இல் பெயெர்செபாவில் கண்டெடுத்த பீடத்தின் கற்களோ நன்றாகச் செதுக்கப்பட்டவை. ஒரு கல்லில் பாம்பு உருவம் வேறு கீறியிருக்கிறது. இரண்டும் ஒரே ராஜ்யத்துக்குள், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. எழுதிய சட்டம் ஒன்று, ஊரில் நடந்தது இன்னொன்று. இரண்டாம் ஆலயத்தின் பெரிய பீடம் இரும்புக் கருவி படாமல் கட்டப்பட்டது என்றும், படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் வழியாக அதில் ஏறினார்கள் என்றும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார்.

4. நாலு மூலையிலும் கொம்பு எதுக்கு? மாட்டுக் கொம்பா?

மாட்டுக் கொம்பைப் பொருத்தியதில்லை. பீடத்தின் மூலைகளே மேல்நோக்கிக் கூம்பாக எழும்பியிருக்கும். பெயெர்செபா கற்களில் அதைக் கண்ணால் பார்க்கலாம். வடக்கே தாண் நகரத்து அகழாய்விலும் பெரிய பீடக் கொம்பு ஒன்று கிடைத்தது. ஏன் அந்த வடிவம் என்று வேதம் விளக்கவில்லை. என்ன பயன் என்பது மட்டும் தெரியும்: பாவநிவாரண பலியின் ரத்தத்தை ஆசாரியர் விரலால் தொட்டுக் கொம்புகளில் பூசுவார்.

உயிருக்குப் பயந்தவர்கள் ஓடிப்போய்ப் பிடித்ததும் அந்தக் கொம்புகளைத்தான். சாலொமோன் ராஜாவுக்குப் பயந்து அவன் அண்ணன் அதோனியா பிடித்தான், அப்போதைக்குத் தப்பினான். படைத்தலைவன் யோவாப் பிடித்தான், அங்கேயே வெட்டப்பட்டான் (1 இராஜாக்கள் 1, 2). வேண்டுமென்றே கொலை செய்தவனைப் பீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போகலாம் என்பது யாத்திராகமம் 21:14இன் சட்டம். யோவாப் வழக்கில் சாலொமோன் காட்டுகிற காரணமும் அவன் சிந்திய குற்றமில்லாத ரத்தமே.

5. ஆசரிப்புக் கூடாரத்தில் பீடம் ஒண்ணா ரெண்டா?

இரண்டு. ஆசரிப்புக் கூடாரம் என்பது வனாந்தரப் பயணத்தில் இஸ்ரவேலர் கூடவே கொண்டுபோன கூடார ஆலயம். வெளியே பிராகாரத்தில் தகனபலிபீடம்: சீத்திம் (வேல வகை) மரத்தில் செய்து வெண்கலத் தகடு போர்த்தியது, 5 முழம் நீளம், 5 முழம் அகலம், 3 முழம் உயரம். முழத்தை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உயரம் ஒரு ஆளின் நெஞ்சளவு. உள்ளே, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு முன்னால் தூபபீடம்: பொன் போர்த்தியது, 1 முழச் சதுரம், 2 முழ உயரம். உள்ளே இருப்பதன்மேல் தூபம் மட்டும்தான். மிருகமோ மாவோ கூடாது. சாலொமோன் காலத்தில் வெண்கலப் பீடம் 20 முழச் சதுரமாகவும் 10 முழ உயரமாகவும் வளர்ந்துவிட்டது (2 நாளாகமம் 4:1).

3ஆம் பதிலில் சொன்ன ஆராத் ஆலயத்தின் உள்ளறை வாசலிலும் இரண்டு தூபபீடங்கள் இருந்தன. அவற்றின்மேல் ஒட்டியிருந்த கரியைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். பெரியதில் குந்திரிக்கமும் மிருகக் கொழுப்பும். சிறியதில் சாணத்தோடு கலந்து எரித்த கஞ்சா. இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். யாத்திராகமம் 30 தருகிற தூபக் கலவையில் கஞ்சா கிடையாது என்பதையும் உடனே சொல்லிவிடுவேன்.

6. அஞ்சு வகைப் பலின்னு சொல்றாங்க. எத்தனை தடவை படிச்சாலும் குழம்புது.

பெயரை மனப்பாடம் செய்வதைவிட ‘இதை யார் சாப்பிடுகிறார்?’ என்று கேட்டுப் பாருங்கள், பிரிந்து நிற்கும். சர்வாங்க தகனபலியை யாரும் சாப்பிட முடியாது. தோல் ஆசாரியருக்கு, மீதி அத்தனையும் நெருப்புக்கு. போஜனபலி மாவும் எண்ணெயும். ஒரு பிடி நெருப்புக்கு, மிச்சம் ஆசாரியருக்கு. சமாதானபலியில் கொழுப்பு பீடத்துக்கு, மார்பும் வலது தொடையும் ஆசாரியருக்கு, மீதிக் கறி கொண்டுவந்த குடும்பத்துக்கு. இந்த மூன்றையும் மனமுவந்து கொடுக்கலாம்.

பாவநிவாரண பலியும் குற்றநிவாரண பலியும் கொடுத்தே ஆக வேண்டிய சூழ்நிலைகள் உண்டு. இவற்றின் இறைச்சி பொதுவாக ஆசாரியருக்கு. ஆனால் ரத்தம் கூடாரத்தின் உள்ளே கொண்டுபோகப்பட்ட பாவநிவாரண பலியை ஆசாரியரும் சாப்பிடக் கூடாது, பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும் (6:30). கடைசிக் கேள்வியில் இது தேவைப்படும்.

கத்தோலிக்கர் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் இவை எரிபலி, உணவுப் படையல், நல்லுறவுப் பலி, பாவம் போக்கும் பலி, குற்றப்பழி நீக்கும் பலி என்று வரும். வேறு பலிகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

7. வெட்டுறது ஆசாரியர் வேலைதானே?

லேவியராகமம் 1:5ஐப் பாருங்கள். மிருகத்தைக் கொண்டுவந்தவரே அதை வெட்ட வேண்டும். ஆசாரியரின் வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது: ரத்தத்தை ஏந்துவது, பீடத்தில் தெளிப்பது, விறகு அடுக்குவது, துண்டங்களை அதன்மேல் வைப்பது. பிற்காலத்தில் எசேக்கியா ராஜா நடத்திய பஸ்காவில், தங்களைச் சுத்திகரிக்காதவர்கள் பலர் இருந்ததால், அவர்களுக்காக லேவியர் (ஆலய ஊழியம் செய்த கோத்திரத்தார்) வெட்டினார்கள் (2 நாளாகமம் 30:17).

அதாவது கொல்வதற்குத் தனி அதிகாரம் தேவைப்படவில்லை, பீடத்தை நெருங்குவதற்குத்தான் தேவைப்பட்டது.

8. தலையில் கை வெச்சா பாவம் ஆட்டுக்குள்ள போயிடும், அப்புறம் நமக்குப் பதிலா ஆடு சாகுது. இதானே அர்த்தம்?

பிரசங்கங்களில் அதிகம் கேட்கும் விளக்கம் இது. ஒரு பகுதி வசனத்தில் இருக்கிறது, ஆனால் வேறொரு சடங்கில். லேவியராகமம் 16இல் பாவநிவிர்த்தி நாளன்று பிரதான ஆசாரியர் ஒரு ஆட்டின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அவற்றை ஆட்டின் தலைமேல் சுமத்துகிறார். அந்த ஆடு வெட்டப்படுவதே இல்லை. அதுதான் போக்காடு, உயிரோடு வனாந்தரத்துக்கு விரட்டப்படுகிறது. பாவம் சுமந்த மிருகம் பீடத்துக்குப் போகவில்லை, பீடத்தைவிட்டு வெகுதூரம் போகிறது.

சாதாரணப் பலியில் ஒரு கை வைப்பதாகத்தான் இருக்கிறது. நன்றி சொல்லக் கொண்டுவரும் சமாதானபலியிலும் கை வைக்க வேண்டும். அங்கே சுமத்தப் பாவம் ஏது? ‘இது என்னுடையது, நான் கொடுக்கிறேன்’ என்ற உரிமை அறிவிப்பு என்றே பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. பதிலாள் என்ற கருத்து வேதத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறர் பாவத்தைச் சுமந்து பாடுபடும் ஊழியனைப் பற்றிய ஏசாயா 53 இருக்கிறது. லேவியராகமத்தின் ஒவ்வொரு ஆட்டின் தலையிலும் அதை ஏற்ற முடியாது என்கிறேன்.

9. அப்போ ரத்தம் எதுக்கு? கடவுள் ரத்தம் கேட்கிறாரா?

லேவியராகமம் 17:11 நேரடியாகப் பேசுகிறது: மாம்சத்தின் உயிர் ரத்தத்தில் இருக்கிறது, உங்களுக்காகப் பாவநிவிர்த்தி செய்யும்படி நான் அதைப் பீடத்தின்மேல் உங்களுக்குக் கொடுத்தேன். கொடுப்பவர் யார் என்று பாருங்கள், கடவுள். மனிதன் ரத்தத்தைக் குடிக்கக் கூடாது, உண்ணக் கூடாது. எடுத்த உயிர் கொடுத்தவரிடமே திரும்ப வேண்டும். கடவுளும் அதைக் குடிப்பதாக எங்கும் இல்லை. பூசுகிறார்கள், தெளிக்கிறார்கள், மீதியைப் பீடத்தின் அடியில் ஊற்றிவிடுகிறார்கள்.

எங்கே பூசுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 4ஆம் அதிகாரத்தில் சாதாரண ஆளோ தலைவனோ தவறினால், ரத்தம் வெளிப் பீடத்தின் கொம்புகளில். பிரதான ஆசாரியரோ சபை முழுவதுமோ தவறினால், உள்ளே போய்த் திரைக்கு முன்னும் தூபபீடத்தின் கொம்புகளிலும். வருஷத்துக்கு ஒருமுறை பாவநிவிர்த்தி நாளில் திரைக்கு அப்பால் கிருபாசனம் (உடன்படிக்கைப் பெட்டியின் மூடி) வரைக்கும். தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழமாக ரத்தம் உள்ளே போகிறது. இதைக் கவனித்த யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம், பாவம் தொலைவில் செய்யப்பட்டாலும் அதன் அழுக்கு பரிசுத்த ஸ்தலத்தில் வந்து படிகிறது, ரத்தம் அந்த இடத்தைக் கழுவுகிறது என்று விளக்கினார். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனால் பாவநிவாரண பலியின் ரத்தம் ஏன் மனிதன்மேல் படாமல் பொருள்கள்மேல் படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

10. குழந்தை பெத்தது பாவமா? அதுக்கு ஏன் பாவநிவாரண பலி?

அக்காமார் ஒருவராவது ஒவ்வொரு முறையும் கோபத்தோடு கேட்கும் கேள்வி. கோபம் நியாயமானது. பாவம் இல்லை. லேவியராகமம் 12இல் பிள்ளை பெற்ற பெண் பாவநிவாரண பலி கொண்டுவருகிறாள். ஆசாரியர் நிவர்த்தி செய்த பிறகு அவள் ‘சுத்தமாவாள்’ என்றுதான் இருக்கிறது, ‘மன்னிக்கப்படுவாள்’ என்று இல்லை. 4ஆம் அதிகாரத்தில் தவறு செய்தவனுக்கு ‘மன்னிக்கப்படும்’ என்றே வருகிறது. கடவுளுக்கென்று நேர்ந்த விரதத்தை முடித்த நசரேயனும் இதே பலியைக் கொடுக்கிறான் (எண்ணாகமம் 6:14). புதிதாகச் செய்த பீடத்துக்கும் இதே பலி உண்டு (யாத்திராகமம் 29:36). பீடம் என்ன பாவம் செய்தது? 9ஆம் பதிலின் இரண்டாவது பத்தியோடு சேர்த்துப் படித்தால் விளங்கும்.

பெண்கள் பலி கொண்டுவரலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சாமுவேலின் தாய் அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போனது வெறுங்கையோடு அல்ல. காளை, மாவு, திராட்சரசம் எல்லாம் கொண்டுபோனாள் (1 சாமுவேல் 1:24).

11. கறியெல்லாம் எரிச்சு வீணாக்கிடுவாங்களா? எங்க ஊர் கிடா வெட்டுல ஊரே சாப்பிடும்.

சமாதானபலி ஏறத்தாழ உங்கள் ஊர் கிடா வெட்டுப் பந்திதான். நேர்ந்துகொண்டதை நிறைவேற்ற ஒரு குடும்பம் மிருகத்தோடு வரும், வெட்டும், சமைக்கும், உறவோடு சேர்ந்து சாப்பிடும். ஏழை வீடுகளில் இறைச்சி என்பதே அப்படிப்பட்ட நாளில் கிடைப்பதுதான். நன்றிப் பலியின் கறியை அன்றைக்கே தீர்க்க வேண்டும், பொருத்தனைப் பலி மறுநாள் வரைக்கும் தாங்கும், மூன்றாம் நாள் மிஞ்சினால் எரித்துவிட வேண்டும். உப்புக்கண்டம் போட்டு வைக்க வழியில்லை. ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் தீர்க்க வேண்டுமென்றால் பத்துப் பேரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

கொழுப்புதான் கடவுளின் பங்கு, அதுவே முதலில் எரிய வேண்டும். சீலோவில் ஆசாரியராயிருந்த ஏலியின் மகன்கள் செய்த அநியாயம் இதில்தான். கொதிக்கும் சட்டியில் முச்சூலத்தை விட்டு வந்ததையெல்லாம் எடுத்தார்கள். அதுவும் போதாமல் கொழுப்பு எரியும் முன்பே பச்சைக் கறியைக் கேட்டார்கள் (1 சாமுவேல் 2). கடவுளுக்கு முன்னால் தட்டில் கைவைத்த குற்றம் அது. வசனம் அவர்களைத் திட்டும் வேகத்தில் அந்தப் பந்தியின் முறை எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது தெரிகிறது.

12. ஆடு வாங்க வசதி இல்லாதவன் என்ன செய்வான்?

இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். அதற்கும் வழியில்லையென்றால் ஒரு எப்பாவில் (தானியம் அளக்கும் பழைய அளவு) பத்திலொரு பங்கு மெல்லிய மா, எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்காமல் (லேவியராகமம் 5:7-13). அந்த மாவும் பாவநிவாரண பலிதான், அவனுக்கும் ‘மன்னிக்கப்படும்’ என்றே எழுதியிருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். ரத்தம் சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்று எபிரெயர் 9:22ஐ மேற்கோள் காட்டுபவர்கள், அதே வசனத்தின் தொடக்கத்தில் ‘கொஞ்சங்குறைய’ என்று வருவதைப் படிக்காமல் விடுகிறார்கள். நிருபத்தை எழுதியவருக்கு இந்த மாவு நினைவிருந்திருக்கலாம்.

இயேசு பிறந்தபின் மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுபோனது பறவைகளை (லூக்கா 2:24). லேவியராகமம் 12:8இன்படி அது ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்களின் காணிக்கை.

13. ‘சுகந்த வாசனை’ன்னு வருதே, கடவுளுக்குப் பசிக்குமா?

மெசொப்பொத்தாமிய வெள்ளக் கதையில் பசியோடு இருந்த தேவர்கள் பலியின் மணம் வந்ததும் ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். நோவா பலியிட்டபோதும் கர்த்தர் சுகந்த வாசனையை முகர்ந்தார் என்று இருக்கிறது; மொய்க்கவில்லை. பழைய பேச்சுவழக்கு இஸ்ரவேலிலும் தங்கிவிட்டது, பலிகளை ‘கடவுளின் அப்பம்’ என்று சொல்லும் இடங்களும் உண்டு. அப்படியே நம்பியவர்களும் இருந்திருப்பார்கள். அதனால்தான் 50ஆம் சங்கீதம் சண்டைக்கு வருவதுபோலக் கேட்கிறது: எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்வேன்? எருதுகளின் மாம்சத்தை நான் தின்பேனோ?

14. தெரிஞ்சே செஞ்ச பாவத்துக்கும் ஒரு ஆட்டைக் கொடுத்தா சரியாப் போயிடுமா?

சரியாகப் போகாது. லேவியராகமம் 4 முழுக்க அறியாமல் செய்த தவறுகளுக்கு. துணிகரமாகச் செய்தவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான் என்கிறது எண்ணாகமம் 15:30. அவனுக்கு ஒரு ஆடும் குறிக்கப்படவில்லை.

ஆனால் லேவியராகமம் 6ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அடுத்தவன் பொருளை ஏமாற்றிப் பிடுங்கிப் பொய்ச் சத்தியமும் செய்தவன், குற்றம் உறுத்தினால், முதலில் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்திலொரு பங்கு கூடுதலாக. அப்புறம்தான் ஆட்டுக்கடா. ஆயிரம் ஏமாற்றினால் ஆயிரத்து இருநூறு, பிறகு பலி. இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது.

15. இதெல்லாம் கானானியர்கிட்ட இருந்து காப்பி அடிச்சதுதானேன்னு என் காலேஜ் ஃப்ரெண்ட் கேட்கிறான்.

ஃப்ரெண்ட் கேட்பதில் நியாயம் உண்டு. இஸ்ரவேலர் என்ற பெயர் எழும்புவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மெகிதோவில் கல்லால் ஒரு வட்டமான பீடம் இருந்தது. குறுக்களவு ஏறத்தாழ 8 மீட்டர், ஏறுவதற்குப் படிக்கட்டோடு. 3ஆம் பதிலில் சொன்ன படிக்கட்டுத் தடை யாரைப் பார்த்துப் போட்டதாக இருக்கலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிரியக் கடற்கரையில் 1929இல் தோண்டத் தொடங்கிய உகாரித் நகரத்துக் களிமண் பலகைகளிலும் தகனபலி, சமாதானபலி போன்ற பெயர்கள் வருகின்றன. பக்கத்து வீட்டார் ஒரே மாதிரிச் சமைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 9ஆம் பதிலில் பார்த்த ரத்தச் சடங்குகளுக்கு இஸ்ரவேலில் உள்ள இடம் உகாரித்துப் பட்டியல்களில் இல்லை.

அப்பட்டமான காப்பி ஒன்றை வேதமே பதிவு செய்திருக்கிறது. ஆகாஸ் ராஜா தமஸ்குவில் ஒரு பீடத்தைப் பார்த்து, அதன் மாதிரியை எருசலேமிலிருந்த உரியா ஆசாரியனுக்கு அனுப்பினான். ராஜா ஊர் திரும்பும் முன்பே அது தயார். சாலொமோனின் வெண்கலப் பீடம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது (2 இராஜாக்கள் 16).

16. ஒரே இடத்தில்தான் பலியிடணும்னா எலியா எப்படிக் கர்மேல் மலையில் பலியிட்டார்?

வேதத்துக்குள் இரண்டு சட்டம் இருக்கிறது. நான் என் நாமத்தை விளங்கச்செய்யும் எந்த இடத்திலும் வந்து ஆசீர்வதிப்பேன் என்கிறது யாத்திராகமம் 20:24. கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில் மட்டும் என்கிறது உபாகமம் 12. சாமுவேல் ஊர் ஊராகப் பலியிட்டார், யாரும் கேட்கவில்லை. எலியா கர்மேலில் புதிதாகக் கட்டவில்லை. தகர்க்கப்பட்டுக் கிடந்த கர்த்தருடைய பீடத்தைப் 12 கல் வைத்துச் செப்பனிட்டார் (1 இராஜாக்கள் 18:30-31). அதாவது அங்கே முன்பே ஒன்று இருந்தது.

ஊர் ஊராக இருந்த பலிமேடைகளை இடித்து, பலியை எருசலேமில் மட்டும் குவித்த முயற்சி எசேக்கியா காலத்தில் தொடங்கி, கி.மு. 622இல் யோசியாவின் சீர்திருத்தத்தில் உச்சம் கண்டது. பெயெர்செபா பீடத்தின் கற்கள் ஒரு கிடங்குச் சுவருக்குள் சொருகப்பட்டுக் கிடந்ததையும், ஆராத் தூபபீடங்கள் படுக்கவைத்துப் புதைக்கப்பட்டிருந்ததையும் இந்த முயற்சியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. காலக் கணக்கில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

அதற்கப்புறமும் கதை முடியவில்லை. எகிப்தில் நைல் நதியின் எலிஃபெண்டைன் தீவில் யூதப் போர்வீரர் குடியிருப்புக்குச் சொந்த ஆலயமே இருந்தது. கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டது. திரும்பக் கட்ட அனுமதி கேட்டு கி.மு. 407இல் யூதேயா ஆளுநருக்கு அவர்கள் எழுதிய மனுவின் நகல் இன்றும் இருக்கிறது. கிடைத்த பதிலில் போஜனபலிக்கும் தூபத்துக்கும் அனுமதி. தகனபலி என்ற பேச்சே இல்லை. கட்டிக்கொள், ஆடு மட்டும் வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்கையாக ஒதுங்கிக்கொண்டதாகத்தான் அதை நான் படிக்கிறேன்.

17. ஈசாக்கு, யெப்தாவின் மகள்... நரபலியும் இருந்துச்சா?

சிலர் செய்தார்கள், சட்டம் தடுத்தது, இரண்டும் உண்மை. மோவாப் ராஜா முற்றுகையில் தன் மூத்த மகனை மதில்மேல் பலியிட்டான் (2 இராஜாக்கள் 3:27). எருசலேமுக்கு வெளியே தோப்பேத்தில் பிள்ளைகளைத் தீயில் எரித்தார்கள். அது நான் கட்டளையிடாதது, என் மனதில் தோன்றாதது என்று எரேமியா 7:31இல் கர்த்தர் சொல்கிறார். அவர் கட்டளை என்று நம்பிச் செய்தவர்கள் இருந்ததால்தானே அப்படி மறுக்க வேண்டியிருந்தது. தலைப்பிள்ளையைப் பணம் கொடுத்து மீட்க வேண்டும் என்பதுதான் சட்டம், ஐந்து சேக்கல் (எண்ணாகமம் 18:16). ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியாவிலும் கடைசியில் பீடத்தில் எரிந்தது ஆட்டுக்கடா.

போரில் வென்றால் வீட்டிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக யெப்தா நேர்ந்துகொண்டான்; வந்தவள் அவன் மகள். அந்தக் கதையை மழுப்ப எனக்கு மனமில்லை. அவளைக் கன்னியாக வைத்தார்கள், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவன் சொன்னது சர்வாங்க தகனபலி; தன் பொருத்தனையின்படி செய்தான் என்கிறது நியாயாதிபதிகள் 11:39. அந்தப் புத்தகம் அவனைப் பாராட்டவில்லை. ராஜா இல்லாத நாட்டில் அவனவன் தன் பார்வைக்குச் சரியானபடி செய்த காலத்தைத்தான் அது விவரிக்கிறது.

18. தீர்க்கதரிசிகள் பலியே வேண்டாம்னு சொல்லலையா?

ஆமோஸ் 5, ஏசாயா 1, மீகா 6 எல்லாமே கடுமையானவை. தனியாக எடுத்துப் படித்தால் பீடத்தையே இடிக்கச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் ஏசாயா 1இல் பலியோடு சேர்த்து ஜெபத்தையும் கர்த்தர் கேட்க மாட்டேன் என்கிறார், உங்கள் கைகளில் ரத்தம் நிறைந்திருக்கிறது என்று. ஜெபத்தை ஒழிக்கச் சொன்னார் என்று யாரும் வாதாடுவதில்லை. 14ஆம் பதிலில் சொன்ன வரிசையை ஜனங்கள் தலைகீழாக்கிவிட்டார்கள்: ஏமாற்றிய பணத்தை வைத்துக்கொண்டே கொழுத்த ஆட்டோடு வந்தார்கள்.

51ஆம் சங்கீதம் இந்த இழுபறியை ஒரே பாட்டுக்குள் வைத்திருக்கிறது. பலியை நீர் விரும்புகிறதில்லை என்று 16ஆம் வசனம்; எருசலேமின் மதில் கட்டப்பட்டபின் உமது பீடத்தில் காளைகளை இடுவார்கள் என்று 19ஆம் வசனம்.

19. கோயில் இடிஞ்ச பிறகு என்ன செஞ்சாங்க? இப்போ யாராவது பலி கொடுக்கிறாங்களா?

முதல் ஆலயம் பாபிலோனியரால் எரிந்தபின்னும் சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து 80 பேர் தாடியைச் சிரைத்து, ஆடையைக் கிழித்துக்கொண்டு, போஜனபலியும் தூபவர்க்கமும் எடுத்துக்கொண்டு கர்த்தருடைய ஆலயத்துக்கென்று வந்தார்கள் (எரேமியா 41:5). வழியிலேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் முதலில் கட்டியது பீடத்தை. ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடும் முன்பே பலி தொடங்கிவிட்டது (எஸ்றா 3). கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகஸ் அந்தப் பீடத்தைத் தீட்டுப்படுத்தினான். கி.மு. 164இல் ஆலயத்தை மீட்ட யூதப் போராளிகளான மக்கபேயருக்கு அந்தக் கற்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. தூக்கி எறியவும் மனமில்லை, உபயோகிக்கவும் முடியாது. ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லும் வரை இருக்கட்டும் என்று ஓரிடத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் புதிய பீடம் கட்டினார்கள். அனுக்கா பண்டிகை அதன் நினைவு.

கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்ததோடு யூதர்களின் பலி நின்றது. தினமும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஆட்டுக்குட்டி எரிந்த வேளைகள் ஜெபவேளைகளாயின. இடிபாடுகளைப் பார்த்து அழுத சீடனுக்கு ரபி யோகனான் பென் சக்காய், இரக்கச் செயல் நமக்கு அதற்கு ஈடான நிவர்த்தி என்று ஓசியா 6:6ஐக் காட்டித் தேற்றியதாக யூத மரபு சொல்கிறது. சமாரியர் மட்டும் இன்றும் நாப்லூசுக்குப் பக்கத்தில் கெரிசீம் மலையில் ஆண்டுதோறும் பஸ்கா ஆடுகளை வெட்டிக் குழியடுப்பில் சுட்டு ராத்திரியோடு சாப்பிடுகிறார்கள்.

20. சர்ச்சில இருக்கிற ஆல்டர் இதே பலிபீடமா?

யாரிடம் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்தது. கத்தோலிக்கருக்குத் திருப்பலி நடக்கும் பீடம் உண்மையிலேயே பீடம். சீர்திருத்த மரபினர் பலருக்கு அது திருவிருந்து மேசை. பேச்சில் ஆல்டர் என்று சொன்னாலும் அங்கே பலி இல்லை என்பார்கள். பெந்தெகொஸ்தே கூட்டங்களில் ‘ஜெப பலிபீடத்தைக் கட்டுங்கள்’ என்று பிரசங்கியார் சொல்வது எலியாவின் கதையை வைத்து. ஆபிரகாமின் பழக்கத்துக்கு (2ஆம் பதில்) அது இன்னும் நெருக்கம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லோரும் காட்டும் வசனம் எபிரெயர் 13:10. நமக்கு ஒரு பலிபீடமுண்டு, கூடாரத்தில் ஆராதனை செய்கிறவர்களுக்கு அதில் புசிக்க அதிகாரமில்லை. பீடம் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடுகிறார்கள். வசனம் பேசுவது சாப்பிடுவதைப் பற்றி. 6ஆம் பதிலைத் திரும்பப் பாருங்கள்: எந்தப் பலியின் ரத்தம் உள்ளே போனதோ, அதன் உடலை ஆசாரியர் சாப்பிடக் கூடாது, பாளயத்துக்குப் புறம்பே எரிக்க வேண்டும். எபிரெயர் 13:11 இந்தச் சட்டத்தையே எடுத்துச் சொல்லி, அடுத்த வசனத்தில் இயேசுவும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று சேர்க்கிறது. 15, 16ஆம் வசனங்கள் இனிமேல் கொடுக்க வேண்டிய பலிகளைச் சொல்கின்றன: உதடுகளின் ஸ்தோத்திரம், நன்மை செய்வது, தானதர்மம்.